ஒன்பதும் ஒன்றும்

(திருவனந்தபுரத்தில், பத்தாம் வகுப்பும் பிளஸ் ஒன், பிளஸ் டூவும் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கூடிய அரங்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைக்கு நான் பேசப்போவது முதலில் உங்களிடம். பின்வரிசையில் இருக்கும் உங்கள் அப்பா அம்மாவிடம் அதற்கப்புறம்தான் வருவேன்.

மே மாதம் வந்தால் நம் ஊர் என்ன கோலம் கொள்கிறது என்று உங்களுக்குத் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த இரண்டாம் நாள் கரமனையிலிருந்து கிழக்கேகோட்டை வரைக்கும் நடந்து பாருங்கள். மதில் மேல், மின்கம்பத்தில், டியூஷன் சென்டர் வாசலில், எங்கே பார்த்தாலும் ஃபிளக்ஸ். வரிசை வரிசையாகச் சின்ன முகங்கள். அவற்றுக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘ஃபுல் ஏ ப்ளஸ்’. 2025-இல் தேர்வு எழுதியவர்களில் 99.5 விழுக்காட்டினர் தேறினார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ ப்ளஸ் வாங்கியவர்கள் 61,449 பேர். அதற்கு முந்தைய வருடம் 71,831 பேர். அந்தப் பிள்ளைகள் கண்விழித்துப் படித்தவர்கள். அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இன்று பேச வந்தது அந்த ஃபிளக்ஸில் இடம் கிடைக்காமல் போன ஒரு பெண்ணைப் பற்றி.

அவள் ஒன்பது பாடத்தில் ஏ ப்ளஸ். கணக்கில் மட்டும் ஏ.

என்னிடம் தமிழ் படித்தவள். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் டீச்சர் என்றாள். அதனால் அவை இல்லை. ரிசல்ட் அன்று அவள் அம்மா பாயசம் வைத்திருந்தார். வந்தவர்கள் அத்தனை பேரும் பாயசத்தைக் குடித்தார்கள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கணக்குல என்ன ஆச்சு மக்களே?” என்று கேட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் வரை பதினான்கு பதினைந்து பேராவது கேட்டிருப்பார்கள். தமிழில் எப்படி ஏ ப்ளஸ் வாங்கினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒன்பது பாடமும் அன்றைக்கே மறைந்துபோயின. ஒன்று மட்டும் அந்த வீட்டில் தங்கிவிட்டது.

பிளஸ் ஒன் சேர்ந்த பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில், ஒரு வாரம் முழுக்கத் தனக்குத் தானே மனதுக்குள் சொல்லிக்கொண்டதை அப்படியே எழுதிவைத்தாள். என்ன நடந்தது, அப்போது தன்னிடம் தான் என்ன சொன்னாள், இரண்டு வரி. அந்த நோட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பென்சிலில், அடித்தல் திருத்தலோடு.

‘திங்கள். பஸ் ஸ்டாப். ஐ.டி. கார்டை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். சொன்னது: உன் மண்டையில ஒண்ணும் கிடையாது.’

‘செவ்வாய். கெமிஸ்ட்ரி லேப். டெஸ்ட் டியூப் உடைஞ்சது. சொன்னது: நின்னெக்கொண்டு ஒந்நும் பற்றில்லா.’

‘புதன். கேன்டீன். அவங்க பெஞ்சுல எனக்கு இடம் இல்லை. சொன்னது: உன்னை யாருக்கும் பிடிக்காது.’

‘வியாழன். குளிச்சிட்டு வந்து கண்ணாடி முன்னால. சொன்னதை எழுத மாட்டேன்.’

ஞாயிற்றுக்கிழமை அவள் இதையெல்லாம் முதலிலிருந்து திரும்பப் படித்திருக்கிறாள். படித்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் தமிழ் பேசுகிற பெண். சாமி கும்பிடுவது தமிழில், கனவு காண்பது தமிழில். அப்படியிருக்க, டெஸ்ட் டியூப் உடைந்ததும் ‘உன்னால் ஒன்றும் ஆகாது’ என்று தன்னை ஏன் மலையாளத்தில் திட்டிக்கொண்டாள்? யோசித்திருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு டியூஷன் சார் அவளைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தை அது. அதே இழுப்போடு அவள் மனதில் அப்படியே பதிந்திருக்கிறது. ‘மண்டையில ஒண்ணும் கிடையாது’ என்பது தாத்தா யாரையும் சொல்கிற சொல். அதன் கீழே அவள் எழுதியிருந்த வரியை மனப்பாடமாகச் சொல்கிறேன்: ‘நான் என்னைத் திட்டுறதா நெனச்சேன். இவங்க எல்லாரும் வந்து திட்டிட்டுப் போறாங்க. நான் கதவைத் திறந்து விட்டிருக்கேன்.’

புதன்கிழமைப் பேச்சு மட்டும் அவளுடைய சொந்தப் பேச்சு. அதற்கும் அவளே பதில் எழுதியிருந்தாள்: ‘அன்னைக்கு நான் கேன்டீனுக்குப் போனதே பத்து நிமிஷம் லேட். பெஞ்ச் நிறைஞ்சுடுச்சு. இடம் இல்லாததுக்கு அதுதான் காரணம்.’

இன்னொரு பக்கத்தில் இதைவிட முக்கியமான ஒன்று இருந்தது. கணக்குப் பரீட்சையைப் பற்றி. ரிசல்ட் வந்து இரண்டு மாதம் தன்னை வைதுகொண்டே இருந்தவள், ஒரு நாள் அமைதியாக உட்கார்ந்து அந்தக் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாளாம். தொடுகோடுகள் பாடத்தை அவள் சரியாகப் படிக்கவே இல்லை. அந்தப் பாடம் நடந்தபோது காய்ச்சலில் படுத்திருந்தாள். திரும்பி வந்து யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. ‘அழுதுக்கிட்டிருந்த ரெண்டு மாசமும் இது எனக்கு ஞாபகத்துக்கே வரலை’ என்று எழுதியிருந்தாள். பிறகு தோழி ஒருத்தியிடம் போய் அந்தப் பாடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பத்தாம் வகுப்பு முடிந்துவிட்டது, மார்க் மாறப்போவதில்லை என்று தெரிந்தும் போய்ப் படித்தாள்.

வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். தன்னிடம் பரிவாக இருப்பது என்றால் தப்பை மூடி மறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அவள் கதையில் நடந்ததைப் பாருங்கள். தன்னை இழிவாகப் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் தப்பு எங்கே என்பதே அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. திட்டு நின்ற பிறகுதான் தொடுகோடு தெரிந்தது. எனக்கு இன்று சொல்ல இருப்பது இந்த ஒன்றுதான். மீதியெல்லாம் இதற்குச் சாட்சி.

பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிட்டு எடை போடுவது கெடுதல் என்பது கேரள அரசுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யில் ராங்க் பட்டியல் உண்டு. முதல் ராங்க் வாங்கிய பிள்ளைக்கு அம்மா லட்டு ஊட்டுகிற படம் மறுநாள் பத்திரிகையில் வரும். 2005-இல் கிரேடு முறை வந்தது, ராங்க் ஒழிந்தது. பள்ளிக் கலை விழாவான கலோத்சவத்திலும் இதேதான் நடந்தது. 1957-இல் எறணாகுளத்தில் தொடங்கிய விழா அது. அடுத்த வருடம் யேசுதாஸ் பாட்டிலும் ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் பரிசு வாங்கினார்கள். இருவரும் அப்போது பள்ளிப் பிள்ளைகள். 1986-இல் கலாபிரதிபை, கலாதிலகம் என்று இரண்டு பட்டங்கள் வந்தன. பட்டம் வந்ததும் போட்டி மேடையை விட்டு இறங்கி வீட்டுக்குள் புகுந்தது. ஒரே பிள்ளைக்கு ஐந்து பயிற்சியாளர், கடன் வாங்கி உடையும் நகையும், தோற்றால் அப்பீல், அப்பீலும் தோற்றால் நீதிமன்றம். இது பிள்ளைகளுக்கு நல்லதில்லை என்று கண்டு, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பட்டங்களை எடுத்துவிட்டார்கள்.

2025 ஜனவரி 4 முதல் 8 வரை 63-ஆவது கலோத்சவம் நம் ஊரில் நடந்தது நினைவிருக்கும். 249 போட்டிகள். மேடைகளுக்கெல்லாம் கேரளத்து ஆறுகளின் பெயர். சென்ட்ரல் ஸ்டேடியத்தில் இருந்த முதன்மை மேடைக்கு, சில நாள் முன்பு காலமான எம்.டி. வாசுதேவன் நாயரை நினைத்து எம்.டி. நிளா என்று பெயர் வைத்திருந்தார்கள். வயநாடு, அட்டப்பாடி, இடுக்கி மலைகளின் பழங்குடிக் கலைகள் அந்த வருடம்தான் போட்டிக்குள் வந்தன. நான் வழுதக்காடு மகளிர் கல்லூரி மேடைக்குப் போயிருந்தேன். கவிமணி தமிழ் சொல்லிக்கொடுத்த கல்லூரி அது. மேடையின் பின்பக்கம் நடனம் முடிந்து வந்த ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் அல்தா. தண்ணீர் பாட்டிலை அவளால் பிடிக்க முடியவில்லை, அம்மா வாயில் ஊற்றினார். வியர்வையில் கண்மை கழுத்து வரை இறங்கியிருந்தது. மைக்கில் செஸ்ட் நம்பர்களை வாசித்தார்கள். அவளுக்கு ஏ கிரேடு. அம்மா கட்டிக்கொண்டார். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, “வேற யாருக்கெல்லாம் ஏ?” என்பது. ஏறக்குறைய எல்லாருக்கும் ஏ என்று தெரிந்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அரசு ராங்க்கை எடுத்தது காகிதத்திலிருந்து. அது குடிபோன இடம் பிள்ளையின் நெஞ்சு. அங்கே இருந்து அதை எடுக்க எந்த அரசாணையாலும் முடியாது. விழாவின் முடிவில் திருச்சூருக்கு 1008 புள்ளி, பாலக்காட்டுக்கு 1007. தங்கக் கோப்பை திருச்சூருக்குப் போனது. 1007 புள்ளி எடுத்த பிள்ளைகளும் வண்டி ஏறினார்கள். அந்த ஒரு புள்ளி யாருடைய விரல் நடுங்கியதால் போனது என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போன பிள்ளை அந்த வண்டியில் நிச்சயம் ஒன்றாவது இருந்திருக்கும்.

ஒரு புள்ளி என்றதும் கும்பகோணத்துப் பையன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். ராமானுஜன்தான். தொடக்கப் பள்ளித் தேர்வில் கணக்கில் அவனைவிட அவன் நண்பன் ஒரே ஒரு மார்க் கூடுதல். அதைத் தாங்க முடியாமல் அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடினான். கணக்கில் பரிசு வாங்கிப் பள்ளியை முடித்து, 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. சேர்ந்தான். கணக்கைத் தவிர எதையும் படிக்கவில்லை, ஆங்கிலத்தில் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று. 1905-இல், பதினேழு வயதில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டான். பெற்றோர் தேடி அலைந்தார்கள். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை.

மேடையில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் உடனே 1913-க்குத் தாவிவிடுவார்கள். ஹார்டிக்குக் கடிதம், கேம்பிரிட்ஜ், ராயல் சொசைட்டி. தோற்றாலும் ஜெயிக்கலாம் என்று முடிப்பார்கள். நான் அந்தத் தாவலைத் தாவ விரும்பவில்லை. 1905-இல் ரயிலில் உட்கார்ந்திருந்த பையனுக்கு 1913 தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது ஒன்றுதான். எதிர்காலத்தில் பெரியவனாகப் போகிறான் என்பதற்காக அந்தப் பையனிடம் இரங்க வேண்டியதில்லை. அவன் பிறகு ஒரு குமாஸ்தாவாகவே காலம் கழித்திருந்தாலும் அன்றைக்கு அவனுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் உட்கார்ந்து “சாப்பிட்டியா?” என்று கேட்க ஒரு ஆள்தான். மக்களே, உங்களுக்கும் அப்படித்தான். நீங்கள் பெரிய ஆளாக வந்து காட்டினால்தான் அன்புக்கு உரியவர்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்கள் வயதில் எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்று தோன்றும். இது உங்கள் குறையல்ல, வயதின் இயல்பு. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதைப் பற்றி எழுதினார்: பதின்பருவத்தில் ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு கற்பனை அவையைக் கூட்டி அதன் முன்னால் வாழ்கிறார்கள் என்று. 2000-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பாடகரின் முகம் பெரிதாக அச்சடித்த, போட்டால் வெட்கமாக இருக்கும் டி-ஷர்ட் ஒன்றைக் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டு, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் சொன்னார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேருக்கு அருகில்தான். நாம் நினைப்பதில் பாதிதான் ஊரின் கண். அதிலும் பெரும்பாலோர் அந்த நேரத்தில் தங்கள் சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். ‘சொன்னதை எழுத மாட்டேன்’ என்று அவள் எழுதிய கண்ணாடிக்கு. இந்த அரங்கில் இருக்கும் பெண் பிள்ளைகளுக்கும், வெளியே சொல்லாத ஆண் பிள்ளைகளுக்கும், கண்ணாடி எவ்வளவு பெரிய எதிரி என்று எனக்குத் தெரியும். பரு, நிறம், பல், உயரம், முடி. இப்போது கண்ணாடி சட்டைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது. கைபேசியில் முகத்தை வெளுப்பாக்கிக் காட்டுகிறது, பிறகு குளியலறைக் கண்ணாடி உண்மையைக் காட்டும்போது மனசு உடைகிறது.

ஆனால் நாம் இருக்கும் இந்த மண்ணில் கண்ணாடிக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இருநூறு ஆண்டுக்கு முன்பு திருவிதாங்கூரில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியினர் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கிக் கட்டக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. தலையில் தலைப்பாகை கூடாது. உன் உடம்பே உனக்கு அவமானம் என்று சட்டமும் வழக்கமும் சேர்ந்து தினமும் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் கன்னியாகுமரிப் பக்கம் சுவாமித்தோப்பில் 1809-இல் பிறந்தவர் முத்துக்குட்டி, பிற்காலத்தில் அய்யா வைகுண்டர். அவர் தம் மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட வரச் சொன்னார். அவருடைய பதியின் பள்ளியறையில் இருப்பது கண்ணாடி. கும்பிட வருகிறவன் அதில் தன்னையே காண்கிறான். இதற்கெல்லாம் சேர்த்து அரசு அவரைப் பிடித்துக்கொண்டு வந்து சிறைவைத்தது, எங்கே தெரியுமா? இதே திருவனந்தபுரத்தில், சிங்காரத்தோப்பில், 1838-39 காலத்தில்.

அதற்குக் கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு, நம் நகரத்தை ஒட்டிய செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, 1927-இல் சேர்த்தலைக்கு அருகே களவங்கோடத்தில் ஒரு கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். 1888-இல் அருவிப்புறத்தில் நெய்யாற்றுக் கல்லை எடுத்துச் சிவனாக நட்டவர், வாழ்வின் கடைசிக் காலத்தில் கண்ணாடியை வைத்தார்.

இரண்டு பேரும் யாருக்காக அந்தக் கண்ணாடியை வைத்தார்கள்? தன்னைக் கண்டு தானே கூசும்படி பழக்கப்பட்ட மக்களுக்காக. உன்னைப் பற்றி அடுத்தவன் சொன்ன பொய்யை நீயே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளாதே, அங்கே தெரிவது கும்பிடத் தக்கது என்று காட்டுவதற்காக. அந்தப் பெண் நோட்டில் கண்டுபிடித்ததும் இந்த வழியில்தான் போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யாரோ சொன்னதை நம் குரலில் நாமே சொல்லிக்கொள்கிறோம், அதை நிறுத்தலாம். தன்னிடம் பரிவு என்பது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான நாகரிகம் என்று எண்ணுகிறவர்கள் சுவாமித்தோப்புக்கு ஒரு முறை போய் வரட்டும். நாகர்கோவில் வழியாக மூன்று மணி நேரப் பயணம்கூட இல்லை.

வைகுண்டர் மக்களும் நீங்களும் ஒன்றல்ல. அவர்கள் பட்ட துன்பம் வேறு, அது ஒரு சமூகமே செய்த கொடுமை. ஆனால் இன்றும் இந்த அரங்கில் நிறத்தைச் சொல்லி, சாதியைச் சொல்லி, அப்பாவின் தொழிலைச் சொல்லி, தமிழ் பேசுவதைச் சொல்லி ‘பாண்டி’ என்று கூப்பிட்டுக் கேலி செய்யப்பட்ட பிள்ளை இல்லாமல் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கண்ணாடி நேரடிச் சொந்தம்.

இப்போது பெற்றோர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். எனக்குக் கேட்கிறது. “டீச்சர், கண்டிப்பு இல்லேன்னா பிள்ளை படிக்குமா? தன்னைத் தானே தட்டிக்கொடுத்துட்டு உட்கார்ந்துடாதா?” நியாயமான கேள்விதான். தன்பரிவு என்பதை உளவியலில் ஒரு துறையாகவே ஆக்கியவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப். பௌத்தத்திலிருந்து அந்த எண்ணத்தை எடுத்து 2003-இல் எழுதினார். உங்கள் கேள்விக்கு விடை இன்னொரு ஆய்வில் இருக்கிறது. 2012-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இருவர் மாணவர்களுக்குக் கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்று வைத்தார்கள். எல்லாருக்கும் மோசமாகத்தான் வந்தது. ஒரு குழுவிடம், ‘இது கஷ்டமான தேர்வு, பலருக்கும் இப்படித்தான் ஆகிறது, உங்களை ரொம்ப வருத்திக்கொள்ள வேண்டாம்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம், ‘பெர்க்லியில் இடம் கிடைத்திருக்கிறதே, நீங்கள் புத்திசாலிகள்தான்’ என்றார்கள். மூன்றாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடுத்த தேர்வுக்குப் படிக்க விட்டார்கள். அதிக நேரம் உட்கார்ந்து படித்தது முதல் குழு.

கவனியுங்கள்: ‘நீ புத்திசாலி’ என்று புகழப்பட்ட குழு அல்ல. ஆகவே நான் உங்களிடம் பிள்ளையைப் புகழச் சொல்லவில்லை. ‘நீ கெட்டிக்காரி, உனக்கு ஏன் இப்படி’ என்பதும் ஒரு வகையில் அளவுகோல்தான். ‘கஷ்டமா இருந்துச்சா? எங்கே மாட்டிக்கிட்டே? பார்ப்போம்’ என்பது வேறு. முதலாவது பிள்ளையை எடை போடுகிறது. இரண்டாவது பிள்ளையோடு சேர்ந்து கணக்கைப் பார்க்கிறது.

பிள்ளைகளே, மனதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு உடம்பை விட்டுவிட்டால் பேச்சு பாதிதான். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் மணி என்று ஒரு வழக்கம் பரவியது. பிறகு அண்டை மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. மணி அடித்தால் எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்க ஒரு பிள்ளைக்கு மணி ஏன் அடிக்க வேண்டும்? கழிப்பறை நன்றாக இல்லை என்றும், வகுப்பில் கையைத் தூக்கிக் கேட்க வெட்கமாக இருக்கிறது என்றும் பெண் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள், அதனால்தான். தன்னைக் கொடுமைப்படுத்திக்கொள்வது எவ்வளவு சத்தமில்லாமல் நடக்கிறது பாருங்கள். தூக்கமும் அப்படித்தான். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு மணி முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. என்ட்ரன்ஸ் கோச்சிங் போகும் பிள்ளைகள் இங்கே எத்தனை பேர்? உங்களில் யார் நேற்று எட்டு மணி நேரம் தூங்கினீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். பதில் உங்கள் கண்ணிலேயே தெரிகிறது. பாட்டிலை எடுத்து, இப்போதே நாலு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

கடைசியாகச் சொல்லப்போவது கனமானது. சொல்லாமல் போனால் நான் இங்கே வந்ததற்குப் பொருளில்லை.

2020-இல் கொரோனா ஊரடங்கு மார்ச் 25-இல் தொடங்கியது. ஜூலை மாதம் அன்றைய முதலமைச்சர் பினராயி விஜயன் ஒரு கணக்கைச் சொன்னார். அந்த மூன்றரை மாதத்துக்குள் கேரளத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட 66 பிள்ளைகள் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தறிவில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணம் ஒன்றல்ல; எந்த ஒன்றையும் ஒற்றைக் காரணத்தில் அடக்கவும் முடியாது, அடக்கவும் கூடாது. அன்று அரசு விசாரணைக் குழு வைத்தது. காவல்துறை ‘சிரி’ என்ற பெயரில் பிள்ளைகள் கூப்பிட்டுப் பேசத் தொலைபேசி உதவி தொடங்கியது. சுகாதாரத் துறை ‘ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு’ (தனியாக இல்லை, கூடவே இருக்கிறோம்) என்ற திட்டத்தில் மனநல ஆலோசனை தந்தது. கூப்பிட்டுப் பேச ஒரு காது இருக்க வேண்டும் என்பதை நாடு அப்போது புரிந்துகொண்டது.

மக்களே, ரஃப் நோட்டில் எழுதி, தோழியிடம் பேசி, தண்ணீர் குடித்து, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் நாட்கள் உண்டு. அதில் அடங்காத நாட்களும் உண்டு. வாரக்கணக்கில் எதுவும் பிடிக்காமல், சோறு இறங்காமல், நான் இல்லாமல் போனால் நல்லது என்று தோன்றினால், அது உங்கள் பலவீனம் அல்ல. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிற மாதிரி அதற்கும் ஆள் இருக்கிறார்கள். பள்ளியில் கவுன்சிலர் இருந்தால் அவரிடம் போங்கள். இல்லையென்றால் உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு டீச்சரிடம் போங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டாலும் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

பெற்றோரே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த மே மாதம் ரிசல்ட் வரும். உங்கள் பிள்ளைக்கு ஒன்பதும் ஒன்றுமாக வந்தால், பாயசம் குடிக்க வருகிறவர்களிடம் முதலில் அந்த ஒன்பதைப் பற்றிப் பேசுங்கள். ஒன்றைப் பற்றிப் பிள்ளையே பேசும் வரை காத்திருங்கள். பிள்ளை பேச வரும். அப்போது கேட்பதற்கு நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கைபேசியை எடுத்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேரள அரசின் திஷா, 1056. நாடு முழுவதற்குமான மனநல உதவி டெலி மானஸ், 14416; தமிழிலும் பேசலாம். பிள்ளைகளுக்கான சைல்ட்லைன், 1098. இந்த எண்கள் உங்கள் பிள்ளையின் கைபேசியிலும் இருக்கட்டும். அரங்கை விட்டு எழுவதற்கு முன் பதிந்துவிட்டு எழுந்திருங்கள்.